தாப்பா வழியா, சிம்பாங் பூலாய் வழியா? அம்மாவோடு கேமரன் மலைக்கு

செந்தூல் வாசி | வியாழன், இரவு 9:05

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் இரண்டு இரவு கேமரன் மலையில் தங்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கோலாலம்பூர் வெயிலில் பிள்ளைகள் ஏர்கோன் இல்லாத அறையில் கால் வைப்பதில்லை, மின் கட்டணம் என் தலையில். செந்தூலிலிருந்து நாங்கள் ஐந்து பேர், ஒரு சாகா கார். தங்கை குடும்பம் பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து தனிக் காரில் வரும். மேலே சந்திப்பதாகத் திட்டம்.

சிக்கல் அம்மாதான். எழுபதைத் தாண்டியவர். வளைவைக் கண்டாலே தலைசுற்றல், வாந்தி. "சிம்பாங் பூலாய் வழியா வாண்ணே, ரோடு அகலம்" என்கிறாள் தங்கை. "தாப்பாதான் கிட்ட, எதுக்குச் சுத்து?" என்கிறார் மாமனார். வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்க நினைக்கிறோம். எந்த வழி நல்லது, அறை எந்த ஊரில் எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போக்காரன் | வியாழன், இரவு 9:21

சிம்பாங் பூலாய். யோசிக்கவே வேண்டாம். அம்மாவை வைத்துக்கொண்டு தாப்பா வளைவுகளில் ஏறுவது பாவம்.

தாப்பா ரோடு | வியாழன், இரவு 9:40

ஈப்போக்காரர் ஈப்போ கண்ணால் பார்க்கிறார். செந்தூலிலிருந்து தாப்பா டோல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டர். சிம்பாங் பூலாய் போக வேண்டுமானால் நெடுஞ்சாலையில் இன்னும் 40 கிலோமீட்டர் வடக்கே ஓட வேண்டும். அதற்கப்புறம் மலைப்பாதையும் தாப்பா வழியைவிட நீளம். வளைவு குறைவு என்பது உண்மைதான், ஆனால் அம்மா காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடும்.

இன்னொன்று, தாப்பா வழியில் நிறுத்த இடம் உண்டு. லாத்தா இஸ்கந்தார் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது, இறங்கி முகம் கழுவிக்கொள்ளலாம். அதைத் தாண்டி செமாய் பூர்வகுடி மக்கள் மூங்கில் குடிசை போட்டு பெட்டாய் (கடும் நாற்றமுள்ள காட்டு அவரை), காட்டுத்தேன், பருவம் வந்தால் டுரியான் விற்பார்கள். 1930களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் போட்ட பாதை, அதனால்தான் மலையை அறுக்காமல் அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. மெதுவாக ஓட்டினால் அழகு. பின்னால் வருபவன் ஹார்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், போகட்டும்.

ஈப்போக்காரன் | வியாழன், இரவு 9:48

பெட்டாய் வாங்கி அதே காரில் ஏற்றினால் அம்மாவுக்கு வாந்தி நிச்சயம்.

பட்டர்வொர்த் அக்கா | வியாழன், இரவு 10:15

மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், அதனால் வாந்தியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கண் காருக்குள் இருக்கும் அசையாத சீட்டைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள் தம்பி, உங்கள் வீட்டுக்காரி கோபித்துக்கொள்ள மாட்டார். தூரத்து வளைவைப் பார்த்துக்கொண்டே வரட்டும், கைப்பேசி கையில் இருக்கக்கூடாது. கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வதும் சிலருக்கு உதவும். பிள்ளைகளுக்கும் இதேதான். பின்னால் உட்கார்ந்து யூடியூப் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும்.

வெறும் வயிறு கூடாது, முட்ட முட்டவும் கூடாது. நாசி லெமாக், தே தாரேக் எல்லாம் மலை ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். இட்லி இரண்டு, இஞ்சித் தேநீர் போதும். மாத்திரை போடுவதானால் மலை ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயன் குறைவு. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அந்த மாத்திரை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். கண் அழுத்த நோய் இருந்தாலோ, வேறு மருந்து சாப்பிட்டாலோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போடாதீர்கள். அம்மாவின் மருந்துப் பட்டியலை மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகும், அதற்கு ஒரு புளிப்பு மிட்டாய் போதும்.

ஜெலுத்தோங் கோப்பி | வியாழன், இரவு 10:32

எதற்கு இவ்வளவு பாடு? தங்கை பினாங்கில்தானே இருக்கிறார், நீங்களே இங்கே வந்துவிடுங்கள். 1923இலிருந்து எங்கள் மலைக்கு ரயில் ஓடுகிறது. வளைவே கிடையாது, நேராக மேலே.

செந்தூல் வாசி | வியாழன், இரவு 10:41

அண்ணே, பினாங்கு மலைக்குப் பலமுறை வந்தாகிவிட்டது. அழகுதான். ஆனால் மாலையில் கீழே இறங்கினால் மறுபடியும் அதே வெயில். இரவு போர்வை போர்த்தித் தூங்க வேண்டும் என்பது என் மகளின் கோரிக்கை.

கிள்ளான் கணக்கு | வியாழன், இரவு 11:02

மகள் கேட்பதில் கணக்கும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். பினாங்கு மலையின் உச்சி 833 மீட்டர், ஆக ஐந்து பாகைக்குச் சற்று மேல் குறையும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர், ஒன்பது பாகைக்கு மேல். செந்தூலில் 34 என்றால் அங்கே 24, 25. இரவில் இன்னும் இறங்கும். பிரேசர் மலை உயரத்தில் இரண்டுக்கும் நடுவில். கோலாலம்பூருக்கு அதுதான் கிட்ட, கூட்டமும் இல்லை, பறவை பார்ப்பவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் பிள்ளைகள் அரை நாளில் "அடுத்து என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். 1951 அக்டோபரில் ஆங்கிலேய உயர் ஆணையர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக்கொன்றது பிரேசர் மலைக்குப் போகும் சாலையில்தான். மலைப்பாதை அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவேன்.

ஒரு வேடிக்கை. வீட்டிலிருந்து முறுக்குப் பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். தானா ராத்தாவில் பார்த்தால் பலூன் மாதிரி உப்பியிருக்கும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 15 விழுக்காடு குறைவு. அறிவியல் பாடம், அப்புறம் தீனி.

பழைய லோரி | வெள்ளி, காலை 6:50

இரவு முழுக்க ஏறுவதைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மலைப்பாதையில் காய்கறி லோரி ஓட்டியவன் நான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏறும்போது என்ன நடக்கும்? கார் திணறும், அவ்வளவுதான். ஏர்கோனை அடைத்துக் கண்ணாடியை இறக்கினால் கொஞ்சம் இழுவை கிடைக்கும். இறங்கும்போதுதான் ஆபத்து. சாகாவும் ஐந்து பேரும் சாமானும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,400 கிலோ. அந்த எடை 1,400 மீட்டர் கீழே வருகிறது. அந்தச் சக்தி சூடாக மாறி எங்கேயாவது போயாக வேண்டும். ஒன்று எஞ்சின் தாங்க வேண்டும், இல்லை பிரேக் தாங்க வேண்டும். கியரை "டி"யிலேயே விட்டுவிட்டு வழி முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எல்லாம் பிரேக்குக்குத்தான் போகும்.

முதலில் ஒரு நாற்றம் வரும், துணி இஸ்திரி போடும்போது கருகுமே அது போல. அடுத்தது பிரேக் எண்ணெய். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140இலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. எண்ணெயை அழுத்தினால் சக்கரம் நிற்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். கால் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது.

அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோ கார் என்றால் "டி"க்குக் கீழே இருக்கும் எழுத்துகள் இதற்காகத்தான். எது எதற்கு என்று உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடும், பிள்ளைகள் பயப்படுவார்கள். சத்தம் வரத்தான் வேண்டும், எஞ்சின் காரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். பிரேக்கை ஒரேயடியாக மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், மறுபடி தேவைப்படும்போது அழுத்துங்கள். நாற்றம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

இப்போது ஈப்போக்காரர் தம்பிக்கு ஒரு வார்த்தை. சிம்பாங் பூலாய் சாலை அகலம், உண்மை. அந்த அகலம்தான் ஆளை ஏமாற்றும். தாப்பா வழியில் வேகமாகப் போக நினைத்தாலும் வளைவு விடாது. சிம்பாங் பூலாய் வழியில் நீளமான இறக்கத்தில் 60, 80, 90 என்று ஏறுவதே தெரியாது. 2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகள் வந்த பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த அகலமான சாலையில்தான். ஏறுவதற்குச் சுலபமான வழி இறங்குவதற்கும் சுலபம் என்று நினைக்கக்கூடாது.

ஈப்போக்காரன் | வெள்ளி, காலை 8:12

ஒப்புக்கொள்கிறேன் மாமா. சிம்பாங் பூலாய் அடிவாரத்தில் கல்லுடைப்பு லோரிகளும் உண்டு, அவற்றின் பின்னால் மாட்டினால் பொறுமை வேண்டும். ஆனாலும் அம்மாவுக்கு ஏறுவதற்கு அதுதான் என்பதில் மாற்றமில்லை.

தானா ராத்தா மகள் | வெள்ளி, மதியம் 1:30

அங்கேயே பிறந்து வளர்ந்தவள், இப்போது செராஸில். நீங்கள் எல்லாரும் எந்த வழி என்று அடித்துக்கொள்கிறீர்கள். அண்ணன் "வெள்ளிக்கிழமை ஏறி" என்று எழுதியதை யாரும் கவனிக்கவில்லையா?

பள்ளி விடுமுறை, அதிலும் வாரயிறுதி. கியா ஃபார்ம் சந்தையில் இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருப்பார்கள், நடுவில் இரண்டு தடம்தான். பேருந்து ஒன்று திரும்பினால் போதும், பிரிஞ்சாங் வரை எல்லாம் நின்றுவிடும். நடந்தே போயிருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு நெரிசல். சிம்பாங் பூலாய் வழியாக வருபவர்கள் கம்போங் ராஜா, திரிங்காப் தாண்டி அந்த நெரிசலுக்குள்தான் நேராக வந்து விழ வேண்டும். தாப்பா வழியாக வருபவர்களுக்கு ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா என்று முதலில் அமைதியான பக்கம். ஆக வளைவில் மிச்சம் பிடித்த நேரத்தை அம்மா கியா ஃபார்மில் கட்டிவிடுவார், கழிவறையும் இல்லாமல்.

என்னைக் கேட்டால் ஞாயிறு மதியத்துக்கு மேல் ஏறி செவ்வாய் இறங்குங்கள். எல்லாரும் இறங்கும் நேரத்தில் நீங்கள் ஏறுவீர்கள். அறை விலையும் குறையும். மாலை ஆறுக்கு முன் மலைப்பாதையை முடித்துவிடுங்கள். இருட்டிலும் பனிமூட்டத்திலும் புதியவர் ஓட்டக்கூடாது. மழை பலமாக இருந்தால் மண்சரிவுச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும், இரண்டு வழிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பெட்ரோல் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அறை தானா ராத்தாவில் எடுங்கள். கடைத்தெரு தட்டையாக இருக்கும், அம்மா நடக்கலாம். வாழையிலைச் சோறு, தோசை, மருந்துக்கடை, வங்கி எல்லாம் ஒரே வரிசையில். பிரிஞ்சாங்கில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கத்திலேயே வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஊர் சரி. ஒரு விடுதியில் "மலைக்காட்சி" என்று சொல்லி என் உறவினருக்குக் கொடுத்த அறையில் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். படத்தை நம்பாமல் விருந்தினர் எழுதியதைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

தேயிலைத் தோட்டம். எல்லாரும் சுங்கை பாலாஸ் போவார்கள். 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம். பார்வை மாடம் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், காட்சி அருமை. ஆனால் உள்ளே போகும் பாதை ஒற்றைத் தடம், எதிரே வேன் வந்தால் ஓரத்தில் ஒதுங்கிப் பின்னால் எடுக்க வேண்டும். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள். திங்கள்கிழமை வழக்கமாக மூடியிருக்கும், பள்ளி விடுமுறையில் திறப்பதுண்டு, முதல்நாளே அவர்கள் முகநூலில் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கு அது கஷ்டம் என்றால் பாரத் தேயிலைக் கடை ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவில் பெரிய சாலையிலேயே இருக்கிறது. 1933இலிருந்து இருக்கும் இந்தியக் குடும்பத்துத் தோட்டம். காரை நிறுத்தினால் தேநீர் மேசையிலிருந்தே செடிகளைப் பார்க்கலாம்.

அங்கே பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுங்கள். செடிகள் இடுப்பளவில் ஒரே மட்டமாக இருக்கும். விட்டால் மரமாக வளரக்கூடியது அது. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தை வெட்டி வெட்டித்தான் அந்த மட்டம். என் பாட்டி கையால் கிள்ளியவர், விரல் நுனி கறுத்தே இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. இப்போது கத்தரியும் இயந்திரமும்தான், பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைத் தேடினால் இன்னும் பார்க்கலாம். படம் எடுப்பவர்கள் இதையும் கொஞ்சம் பார்த்தால் நல்லது.

ஜெலுத்தோங் கோப்பி | வெள்ளி, மதியம் 1:52

தங்கச்சி, ஸ்ட்ராபெர்ரியை விட்டுவிட்டீர்களே.

தானா ராத்தா மகள் | வெள்ளி, மதியம் 2:10

வேண்டுமென்றேதான் விட்டேன். சின்னது, புளிப்பு, விலை அதிகம். பிள்ளைகள் கையால் பறிக்க ஆசைப்படுவார்கள், அதற்காக ஒருமுறை போகலாம். வேகவைத்த மக்காச்சோளம் வாங்கிக் கொடுங்கள், குளிரில் அதுதான் சுகம்.

காய்கறித் தோட்டங்களைப் பார்க்கும்போது கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. மலைச்சரிவை வழித்துப் பிளாஸ்டிக் கூரை போட்டால் மழையில் மண் எங்கே போகும்? ஹாபு பக்கம் ஏரி வரும், தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், பாருங்கள். சுல்தான் அபு பாக்கார் அணை, 1963இல் கட்டியது. அந்த மண்ணெல்லாம் அங்கேதான் படிகிறது. 2013 அக்டோபரில் அணைநீரைத் திறந்துவிட்ட இரவு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம், ஆள் செத்தது. எங்கள் வீட்டில் இன்றும் பெரிய மழை பெய்தால் அங்கே இருக்கும் சித்திக்குத்தான் முதல் அழைப்பு.

கிள்ளான் கணக்கு | வெள்ளி, மாலை 4:25

பாசிக்காடு போகலாமா? குனோங் பிரிஞ்சாங் உச்சிப் பக்கம்.

தானா ராத்தா மகள் | வெள்ளி, மாலை 5:03

அழகான இடம், 2,000 மீட்டர் உயரத்தில் மரமெல்லாம் பாசி மூடி நிற்கும். ஆனால் போகும் சாலை மிகக் குறுகல், ஏற்றம் செங்குத்து. ஐந்து பேர் ஏறிய சாகாவை அங்கே கொண்டுபோக வேண்டாம் அண்ணா. உள்ளூர் ஜீப்காரர்களிடம் போய்க் கேளுங்கள், அனுமதி நிலவரமும் அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளைக் காட்டுப்பாதையில் தனியாக விடாதீர்கள். 1967 மார்ச்சில் ஜிம் தாம்சன் என்ற பட்டு வியாபாரி தானா ராத்தா பக்கம் ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனார். நூற்றுக்கணக்கானோர் தேடியும் இன்றுவரை ஆளைக் காணோம். சின்ன வயதில் எங்களைக் காட்டுப்பக்கம் போகவிடாமல் தடுக்க அம்மா சொன்ன பெயர் அதுதான்.

செந்தூல் வாசி | வெள்ளி, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. தங்கையிடம் இந்த இழையைக் காட்டினேன். பயண நாட்களை ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு மாற்றிவிட்டோம், வீட்டுக்காரி விடுப்புக் கேட்டாகிவிட்டது. தானா ராத்தாவில் இரண்டு அறை பார்த்திருக்கிறோம். தங்கை சிம்பாங் பூலாய் வழி வரட்டும், பினாங்கிலிருந்து அவளுக்கு அதுதான் நேர்வழி. நாங்கள் தாப்பா வழியே ஏறுவோம். அம்மா முன் சீட்டில், லாத்தா இஸ்கந்தாரில் ஒரு நிறுத்தம், ரிங்லெட்டில் இன்னொன்று. பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோவிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்கிறார், திங்கள் காலை முதலில் அங்கே போய்விட்டு அப்புறம்தான் மற்றது.

மாமனாரிடம் தாப்பா வழிதான் என்றேன். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று தே தாரேக்கோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு சந்தேகம். இறங்கும்போது நாங்கள் தங்கையோடு சேர்ந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி ஈப்போவில் சாப்பிட்டுவிட்டு வந்தால் என்ன?

பழைய லோரி | வெள்ளி, இரவு 9:44

செவ்வாய் காலை என்றால் கியா ஃபார்ம் காலியாக இருக்கும், இறங்கலாம். ஆனால் தங்கை மாப்பிள்ளை வேகமாக ஓட்டுபவராக இருந்தால் அவர் பின்னாலேயே ஓடாதீர்கள், ஈப்போ கடையில் சந்திப்போம் என்று சொல்லி முன்னால் விட்டுவிடுங்கள். சாகா எந்த வருடம்? பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் ஃபோர்மேனிடம் விட்டு மாற்றிவிடுங்கள், பேட் தேய்மானத்தையும் டயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு முதல்நாள் கொண்டுபோகாதீர்கள். பள்ளி விடுமுறைக்கு முன் எல்லாப் பட்டறையிலும் கூட்டம்.

செந்தூல் வாசி | வெள்ளி, இரவு 9:58

2017 மாடல், மாமா. நாளைக் காலை எட்டு மணிக்கே செந்தூல் பாசார் பக்கத்துப் பட்டறையில் விடுகிறேன்.

ஈப்போக்காரன் | வெள்ளி, இரவு 10:07

ஈப்போவில் இறங்கினால் சொல்லுங்கள், கடை நான் காட்டுகிறேன். அம்மாவுக்குப் பெட்டாய் வாங்கி வராதீர்கள்.